அடுகோடியில் படித்த இரண்டு எழுத்து

பெங்களூர் அடுகோடிப் பட்டாலையில், பட்டுநூல் இழுக்கும் ஜப்பான் இயந்திரம் புதிதாக நிற்கிறது. இரண்டு குழாய். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் கொதிக்கும் ஆவி. எது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. குழாய்மேல் பொறித்த ஜப்பானிய எழுத்தைப் பூஜை போட்டுக் குங்குமத்தால் அப்பி மூடியிருக்கிறார்கள். மடையர்கள்!

ஒரு குழாயைத் துண்டால் துடைக்கிறேன்.

"அழிக்க பேடா சார், அபசகுனம்!" என்று முதலாளி கன்னடம் கலந்து, வேண்டாமென்று கத்துகிறார்.

"கை வெந்தா மட்டும் சுபசகுனமா?"

பம்பாயில் கப்பலேறி, பட்டு வாங்க ஜப்பானின் கோபேக்குப் போகிறவன் நான்; வழியில் இந்த ஆலையைப் பார்க்க இறங்கியிருக்கிறேன். ஆரணியை விட்டதிலிருந்து இந்த எழுத்துகளைத்தான் எழுதிப் பழகுகிறேன். ரயிலில் பக்கத்தில் இருந்தவன் கோழிக் கிறுக்கல் என்று சிரித்தான். இப்போது குங்குமத்துக்கு அடியில் மூன்று சாய்ந்த கோடுகள். 'மி'! அடுத்தது 'ஸு'. மிஸு! தண்ணீர்!

நூல் இழுக்க வந்த லூர்துமேரி குழாய்ப் பக்கம் நகரவில்லை. "நீங்க படிச்சது தப்பா இருந்தா வேகறது என் கைதானே அண்ணா?"

"உன் கை வேணாம்மா. என் கைய வெக்கறேன்."

குழாயடியில் கையை நீட்டித் திருகச் சொல்கிறேன். சில்லென்று கொட்டுகிறது.

"படிச்சிட்டேன்டா!" என்று அலறுகிறேன். சட்டை முழங்கைவரை நனைகிறது. கையை எடுக்க மனமே இல்லை.