கலாராணியின் பலவீனம்

கலாராணிக்கு வருகிற மாதம் முப்பத்தாறு வயது. வயதெல்லையோ முப்பத்தைந்து. எங்கள் பசறைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் வேலை அது. இந்த நேர்முகத் தேர்வு தவறினால் காலத்துக்கும் கூடைதான்.

வழமையாகக் கேட்கும் கேள்விகளை நான்தான் போனில் பார்த்து எழுதினேன். மழைக்குப் பயந்து தாளைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் நிரையிலிருந்து நான் கேட்பேன். பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளியபடியே அவள் பதில் சொல்வாள்.

"உங்க பலவீனம் என்ன?"

"நேரங்காலம் பாக்காம ஒழைச்சிருவேங்க." அது போனில் இருந்த பதில்.

"யாரு, நீயா?" என்றாள் மேல் நிரையில் நின்ற பெரியாயி அக்கா. "சங்கு ஊதுறதுக்கு முன்னமே கூடைய எறக்குறவ! ஒனக்கு மூக்குமேல கோவம். அதச் சொல்லு."

"அதச் சொன்னா வேல குடுப்பாங்களா?"

மலையே சிரித்தது. எனக்கும் பயம்தான். போன் பதிலையே மனப்பாடம் பண்ணச் சொன்னேன்.

பதுளையில் தேர்வுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "இருக்கேங்க!" என்று கத்திவிட்டாளாம். பதினெட்டு வருடம் விடிகாலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடக் கூப்பிடப் பதில் கொடுத்த வாய், வேறென்ன சொல்லும்? வரிசையில் இருந்த இளம் பெண்கள் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

கேள்வி கேட்டவர் கமலாதேவி என்கிற யாழ்ப்பாணத்து அதிகாரி. "உங்கட பலவீனம் என்ன எண்டு சொல்லுங்கோ."

"கோவங்க, மிஸ்."

"ஆரோட கோவம்?"

"பால் குடுக்க வந்த தாய, கொழுந்து கொறையுதுன்னு வெரட்டுறவங்களோட. என் மகனுக்கு அர வயித்துக்குக் குடுத்துட்டு ஓடியிருக்கேன். நான் அங்க இருந்தா ஒருத்தியும் ஓட வேணாம். யாரு வந்தாலும் வாசல்ல மறிச்சிருவேன்."

கமலாதேவி பேனாவைக் கீழே வைத்தாராம். "இந்தக் கோவத்தை மட்டும் விட்டிடாதேங்கோ."

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. முதலாம் திகதி பெரட்டில் கணக்கப்பிள்ளை பழக்கத்தில் "கலாராணி!" என்றார். "இல்லீங்க!" என்று நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினோம்.

பத்து மணிக்கு என் கைக்குழந்தை மகளுக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். பின்னாலேயே கங்காணி வந்து, "போதும், மலைக்கு வா" என்றார்.

கலாராணி வாசலை மறித்து நின்றாள்.

"புள்ள குடிச்சு முடிக்கட்டுங்க."

கங்காணி திரும்பிப் போனார். என் மகள் அன்றுதான் வயிறு நிறையக் குடித்தாள்.