காதுகுத்தும் ஒரு மின்கசிவும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசில் பட்டதை அந்த நிமிஷமே கொட்டிவிடுவேன். என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். அடித்தாலும் வாயைத் திறக்க மாட்டார். மதுரை மண்டபங்களுக்கு சீரியல் லைட் கட்டுவதும் வயரிங் பார்ப்பதும் அவர் தொழில். எங்கள் மகளின் காதுகுத்துக்கு அவனியாபுரத்தில் மண்டபம் பிடித்தபோது, பந்தலில் தொங்கிய பல்பு ஒவ்வொன்றையும் அவரே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற வேலை, சும்மாவா?

தாய்மாமன் என் தம்பி. டி. கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் அது தாய்மாமனின் நாள். பெற்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டியதுதான். லாரியில் சீர் வந்தது, கொட்டு வந்தது, மாலை போட்ட கிடா வந்தது. கூடவே, அவன் கைகூப்பி நிற்கிற ஃபிளெக்ஸ் போர்டு ஒன்று எங்கள் வீட்டைவிட உயரமாக வந்து பந்தல் வாசலில் நின்றது.

"எதுக்குடா இம்புட்டு?" என்றேன்.

"எனக்கு இருக்கது ஒரே மருமக. நீ பேசாம இரு அக்கா."

மகளை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தான். ஆசாரி காது குத்துகிற நேரம் பார்த்துக் கொளுத்துவதற்காக, வாசலில் அவன் கூட்டாளிகள் சரவெடியை விரித்துவைத்திருந்தார்கள். ஒரு காது குத்தியானதும் கொளுத்தினார்கள். மண்டபமே அதிர்ந்தது. தாமதமாக வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிவர நான் வாசலுக்குப் போயிருந்தேன். ஒரு பொறி பறந்து ஃபிளெக்ஸ் போர்டின் அடியில் பிடித்ததைக் கண்ணால் பார்த்தேன். கைகூப்பி நின்ற தம்பி மளமளவென்று எரிந்தான். அங்கிருந்து தென்னங்கீற்றுக்குத் தாவி, பந்தல் முழுக்கப் பற்றிக்கொண்டது.

உள்ளே இருந்தவர்கள் முன்வாசல் வழியாக வெளியே வர முடியாது. சமையல்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருந்தது. அழைக்காத ஆட்கள் பந்தியில் புகுந்துவிடக் கூடாது என்று எப்போதும் பூட்டியே வைத்திருக்கிற கதவு. அரிவாள்மனையும் கரண்டியுமாகச் சமையல்காரர்கள் பூட்டை உடைத்துத் திறந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மெயினை இறக்கிவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வந்தார். ஒருவருக்கும் சிறு காயம்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடித்தபோது மண்டபத்தின் முன்பக்கம் கரியாகக் கிடந்தது.

அணைத்த தண்ணீர் வடிவதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: மின்கசிவு. யார் ஆரம்பித்தார்களோ, தம்பியின் கூட்டாளிகளாகத்தான் இருக்கும். நம்மூரில் எங்கே தீப்பிடித்தாலும் இதைத்தானே சொல்கிறோம்? கரண்ட் நம்மோடு சண்டைக்கு வராது. யார் மேலும் பழி விழாது. ஆனால், அந்தப் பந்தலுக்குக் கரண்ட் கொடுத்தது என் புருஷன். அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தும் தாய்மாமன் தலை குனியக் கூடாது என்று விட்டுவிட்டார்களோ, என்னவோ.

அத்தனை பேர் கூடிய இடத்தில் தீ என்பதால், தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். காரணத்தைக் கண்டுபிடித்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டுமாம். அதட்டாமல் பேசுகிற மனுஷன். எரிந்த இடத்தையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். கூட்டாளிகள், மண்டபத்து மேனேஜர், எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். தம்பி தரையைப் பார்த்தபடி, "வயர்லதான் சார் பொறி தட்டுச்சு" என்றான்.

கடைசியாக என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"லூஸ் கனெக்‌ஷனா இருந்திருக்கலாம் சார்" என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம்!

"என்னங்க, உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்களா?" என்று கத்திவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினேன். "லூசும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். வெடி. இந்தா நிக்கிறானே என் தம்பி, இவன் போடச் சொன்ன வெடி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

தம்பியின் முகம் செத்துவிட்டது. "கூடப்பொறந்தவன இப்படிக் காட்டிக் குடுத்துட்டியேக்கா" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதிகாரி காலடியில் கிடந்ததைக் குச்சியால் ஒதுக்கிப் பார்த்தார். பிறகு, "வெடிக் காகிதம் கெடக்குதும்மா, இல்லங்கல. ஆனா பொறி பறந்ததப் பாத்தேன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். நீங்க அவரு சம்சாரம். அவரோ லூஸ் கனெக்‌ஷன்ங்கிறாரு. நான் எதை எழுத?" என்றார். "யாரையும் உள்ள தள்ள நான் வரல. காரணத்தத் தப்பா எழுதுனா, அடுத்த மண்டபத்துல வயர மாத்திட்டு, வெடியப் போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க."

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"விடு. அவன் தாய்மாமன். நம்ம புள்ளைக்கு நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவந்தான் வந்து முன்னால நிக்கணும்."

"அப்ப உங்க பொழப்பு?"

மண்டபங்களிலிருந்து போன் வருவது நின்றது. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு வயரிங் பேசியிருந்தார். "இப்ப வேணாம்ணே, பெறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள்கூட வீட்டில் தங்காத மனுஷன், அக்கம்பக்கத்து மிக்சியைக் கழற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் ஒரு காதில் தோடும், ஒரு காது வெறுமையுமாகப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். மற்ற காதைக் கடையில் குத்திவிடலாம் என்றேன். "மாப்ள மடியிலதான்" என்றார். அம்புட்டுதான் பேச்சு. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தம்பி. பின்னால் அதே ஆசாரி. என்னை ஏறிட்டும் பார்க்காமல் நேராக இவரிடம் போனான்.

"மச்சான், நேத்து அந்த சாரப் போயிப் பாத்தேன். கொளுத்துன பயலுகளையும் கூட்டிட்டுப் போயி, நடந்தத நடந்தபடி சொல்லிட்டேன்."

"எதுக்கு மாப்ள?"

"அக்கா சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஊரே எனக்காகப் பொய் சொன்னப்பகூட ஒறைக்கல. ஆனா நீங்க சொன்னீங்க பாருங்க, உங்க தொழில மறந்துட்டு... அதுதான் மச்சான் என்னைய உறங்க விடல."

அறிக்கையில் காரணம் வெடி என்றே வந்தது. மண்டப வாசலில் கீற்றும் ஃபிளெக்ஸும் வைக்கக் கூடாது, வெடி போடக் கூடாது, பின்கதவைப் பூட்டக் கூடாது என்று சுற்றுவட்டாரத்து மண்டபங்களுக்கெல்லாம் உத்தரவு போயிற்று. எரிந்த முன்பக்கத்தைத் தம்பியே சரிசெய்து கொடுத்தான். லாட்ஜுக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். இதெல்லாம் பிறகு நடந்தவை.

அந்தக் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, தம்பி என் மகளை மடியில் வாங்கிக்கொண்டான். கொட்டு இல்லை, சீர் இல்லை, கூட்டம் இல்லை. ஆசாரி ஊசியை வைத்ததும் என் மகள் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். தம்பியும் குலுங்கி அழுதான். பிள்ளையின் கண்ணைத் துடைப்பதா, தன் கண்ணைத் துடைப்பதா என்று அவன் தடுமாற, என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் முகத்தையும் துடைத்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.