மாடிக்கு மாடி பேசியவர்

லிஃப்ட்காரர் தன் வாழ்நாளில் நீளமாக எதையும் பேசியதில்லை. பேசத் தெரியாமல் இல்லை. பேசி முடிப்பதற்குள் மாடி வந்துவிடும்.

பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில், மீசை அரும்பிய வயதில் சேர்ந்து அந்த மீசை நரைக்கும்வரை, அவருடைய உலகம் ஒரு மரப்பெட்டிதான். மூலையில் ஒரு முக்காலி. கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன பித்தளைப் பிடி. இழுத்தால் விசிறிபோல மடங்கும் இரும்புக் கதவு. முகம் எப்போதும் கதவைப் பார்த்தபடி, முதுகு எப்போதும் ஜனங்களுக்கு. இருந்தும் யார் ஏறியிருக்கிறார்கள் என்று அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். கோர்ட்டுக்குக் கிளம்பும் மூன்றாம் மாடி வக்கீலின் செருப்பு சண்டைக்குப் போகிற மாதிரி சத்தம் போடும். திரும்பி வரும்போது அதே செருப்பு தரையைத் தேய்க்கும். காப்பீட்டு அலுவலகத் தட்டச்சுப் பெண்கள் ஏறினால் பெட்டி முழுக்க பவுடர் வாசனை. ஐந்தாம் மாடியில் பல் டாக்டர். அங்கே போகும் குழந்தைகள் ஏறும்போது கத்தும், இறங்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே வெறுத்து நிற்கும்.

"பையன் பாஸாயிட்டானா? நான் அப்பவே சொன்னேன்ல. இறங்குங்க."

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? நல்லது, நல்லது. பாத்து, படி இருக்கு."

இப்படித்தான் அவர் பேச்சு. ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் கேட்கவேண்டியதைக் கேட்டு, சிரிக்கவேண்டியதைச் சிரித்து, கதவைத் திறந்துவிடவேண்டும். நீட்டி முழக்கினால் பாதிப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு ஆள் இறங்கிப் போய்விடுவார். அது இரண்டு பேருக்கும் சங்கடம். மழைக்காலத்தில் நனைந்த குடைகளின் வாடையும், கயிற்றுக்குப் போடும் கிரீஸ் வாடையும், யாரோ புதுச்சட்டை போட்டுவந்த வாசனையும் கலந்து அந்தப் பெட்டிக்குள் நிற்கும். இப்போதும் சில காலைகளில் கண்ணை மூடினால் அவருக்கு அது வரும். வந்ததும் போய்விடும்.

ஓய்வு பெற்ற பிறகு தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். "ஏறி இறங்கினது போதும்" என்று மனைவி ஒற்றைக்காலில் நின்று பிடித்த வீடு. அதில் அவள் கொஞ்ச காலம்தான் இருந்தாள். மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள்.

"நல்லா இருக்கியாம்மா? பிள்ளைங்க? சரிம்மா, உனக்கு வேலை இருக்கும், வைக்கட்டுமா?"

"அப்பா, நான் இன்னும் ஹலோவே சொல்லி முடிக்கலை!"

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். வைத்த பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரியும்.

ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், காத்திருக்கும் கூடத்தில் ஒரு இளம்பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு பதாகை. தனிமையில் வாழும் முதியோர் ஆராய்ச்சியில் சேர அன்புடன் அழைக்கிறார்கள் என்று கொட்டை எழுத்தில். கூடம் நிறைய பெரியவர்கள்தான். ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாலு பேர் பார்க்க அந்தப் பதாகைக்கு அடியில் போய் உட்கார யாருக்கு மனசு வரும்? லிஃப்ட்காரர் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி ஒரு தடவை மேஜையைக் கடந்தார். மறுபடி கடந்தார். மூன்றாம் தடவை நின்றுவிட்டார்.

"வாங்க ஐயா, உட்காருங்க" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கில்லைம்மா. என் சிநேகிதர் ஒருத்தருக்காகக் கேக்கறேன்."

"தாராளமா. அவர் தனியாவா இருக்கார்?"

"சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டாங்க. பொண்ணு வெளியூர்."

"யார்கிட்டயாவது பேசுவாரா?"

"ஓ, பேசுவாரே. பால்காரர்கிட்ட, மருந்துக்கடைக்காரர்கிட்ட. அவங்க வணக்கம்னா இவரும் வணக்கம்."

"அதுக்கப்புறம்?"

லிஃப்ட்காரர் சட்டென்று பேச்சை மாற்றினார். "இதுலே மருந்து, ஊசி ஏதாவது உண்டா?"

"பேச்சு மட்டும்தான் ஐயா. தனியா இருக்கிற ரெண்டு பேரைச் சேத்துவிடுவோம். வாரம் ஒருதரம் போன்லே பேசிக்கணும். அதனாலே மனசுக்கும் உடம்புக்கும் ஏதாவது நல்லது நடக்குதான்னு பாக்கறோம். என்ன பேசினீங்கன்னு நாங்க கேக்கமாட்டோம். பிடிக்கலேன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

"பேச்சுன்னா கசக்காது."

"அது ஆளைப் பொறுத்தது ஐயா" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பில்லாமல். "உங்க சிநேகிதர் நம்பர் குடுங்களேன்."

சொன்னார். அவள் நம்பர் சரிதானா என்று பார்க்க அப்போதே அழுத்தினாள். லிஃப்ட்காரரின் சட்டைப்பையில் குயில் கூவியது. மகள் வைத்துக்கொடுத்த குயில். கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தொண்டை.

"எடுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். "சிநேகிதரா இருக்கப்போறாரு."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்குக் கிடைத்த ஜோடி ஒரு சலூன்காரர். ஊரின் இன்னொரு கோடியில், கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு, ஒற்றை அறையில் இருப்பவர். முதல் நாள் போனில் அவர் குரல் கணீரென்று வந்தது.

"சொல்லுங்க சார், யாரு என்ன?"

"வணக்கம். சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு ஆச்சு. என்ன சாப்பிட்டேன்னா..."

"உடம்பு நல்லா இருக்கா? ரொம்ப சந்தோஷம். வைக்கட்டுமா?"

"என்ன சார் இது? தலையிலே தண்ணி தெளிக்கறதுக்குள்ளே எழுந்து ஓடறீங்க?"

வாராவாரம் இதே கதைதான். பேச்சு நாளுக்காக லிஃப்ட்காரர் பொழுது விடிவதிலிருந்தே காத்திருப்பார். சட்டையை மாற்றிக்கொள்வார். இன்றைக்கு இதைச் சொல்லவேண்டும், அதைச் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிவைப்பார். சலூன்காரரும் சும்மா ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் புருவத்தைத் தெரியாமல் மழித்துவிட்ட கதையை ஆரம்பித்தார் ஒருநாள். லிஃப்ட்காரருக்கு அந்தக் கதை எங்கே போகும் என்று கேட்க நெஞ்சு பரபரத்தது. ஆனால் பரபரப்பதற்குள் உள்ளே ஏதோ ஒன்று மாடி வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டது. "அடேயப்பா! சரி, பாத்து இருங்க" என்று வைத்துவிட்டார். மாப்பிள்ளை என்ன ஆனார் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மாலையில் ஆராய்ச்சிப் பெண் கூப்பிட்டாள். குரலில் தயக்கம்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவர் வேற ஆளை மாத்திக் குடுக்கச் சொல்றார். உங்களுக்கு அவரோட பேசப் பிடிக்கலைன்னு அவருக்குப் படுதாம். உங்களுக்கும் வேற ஒருத்தரைப் பாத்திருக்கேன். நாளைக்கு மத்தியானம் கூப்பிட்டு விவரம் சொல்லட்டுமா?"

"சரிம்மா. நல்லது. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேர் அவரைக் கடந்து இறங்கிப் போயிருக்கிறார்கள். யாரையும் அவர் பிடித்து நிறுத்தியதில்லை. நிறுத்துவது அவர் வேலையும் இல்லை. இந்த ஒரு ஆள் மட்டும் போகக்கூடாது என்று ஏன் தோன்றுகிறது? புது ஆளிடமும் வணக்கம், சாப்பிட்டாச்சா, வைக்கட்டுமா என்றுதான் சொல்லப்போகிறோம். அவரும் வேறு ஆளை மாற்றிக் கேட்பார். அது நிச்சயம்.

மறுநாள் முற்பகலில் அவரே சலூன்காரரைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நம்ம நாள் இல்லையே" என்றது அந்தப் பக்கம். குரலில் கணீர் இல்லை.

"இல்லைதான்."

"அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

'சரி, வைக்கட்டுமா' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. லிஃப்ட்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்னை மதிச்சுப் பேசலையேன்னு ஆத்திரம் சார் எனக்கு" என்றார் சலூன்காரர். "எவ்வளவு பெரிய மனுஷங்க தலையைக் குடுத்துட்டு என் பேச்சைக் கேட்டிருக்காங்க தெரியுமா? ஒருத்தர் நடுவிலே எழுந்திருச்சதில்லை."

"கழுத்துலே கத்தி இருந்தா எப்படி எழுந்திருப்பாங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். அந்தப் பக்கம் சிரிப்பு. இருமல் வரும்வரைக்கும் சிரிப்பு.

"யோவ்! இந்த வாயை இத்தனை நாளா எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தே?"

"நான் லிஃப்ட் ஓட்டினவன்" என்றார் லிஃப்ட்காரர்.

"என்னது?"

"லிஃப்ட். ஆபீஸ் கட்டடத்துலே. மாடி வந்தா ஆளை இறக்கிவிட்டுடணும். அப்படியே பேசிப் பழகிட்டேன். நீங்க சொல்லச் சொல்லக் கேக்கணும்னுதான் ஆசை. மாடி வந்துட்ட மாதிரி ஒரு பதற்றம் வந்துடுது. பிடிக்காம வைக்கலை."

"அட கடவுளே. ஏதோ பெரிய ஆபீசர், நம்மகிட்டப் பேச நேரமில்லாத ஆளுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்! வீட்டுலயும் இப்படித்தானா?"

"இப்படித்தான். என் சம்சாரம் முக்காலியை எடுத்துட்டு வந்து எதிர்லே போட்டு உட்காருவா. 'இன்னும் மாடி வரலை, சொல்லுங்க'ம்பா. நான் சொல்லுவேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப அப்படிச் சொல்ல ஆள் இல்லை."

சலூன்காரர் நாற்காலியை நகர்த்துவது போனில் கேட்டது.

"சரி, இங்கே பாரு" என்றார். "துணியைப் போர்த்தியாச்சு. பின்னாலே முடிச்சும் போட்டாச்சு. நான் விடறவரைக்கும் அசையக் கூடாது. உன் கட்டடத்துலே யார் யார் இருந்தாங்க, சொல்லு."

"மாப்பிள்ளை புருவம் என்னாச்சு, அதை மொதல்லே சொல்லுங்க. ஒரு வாரமா தூக்கமில்லை."

"மை வச்சு வரைஞ்சோம்யா! தாலி கட்டறப்ப வேர்வையிலே கரைஞ்சு கன்னத்துக்கு வந்துடுச்சு. இப்ப உன் முறை."

லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். முதலில் திக்கித்திக்கி. சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றின் முடிவிலும் மூச்சுவிட்டு, ஆள் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்துப் பார்த்து. "ம்" என்றது அந்தப் பக்கம். "அப்புறம்?" என்றது. பவுடர் வாசனையைச் சொன்னார். பல் டாக்டரின் கையைக் கடித்துவிட்டுப் படியில் ஓடிவந்து, லிஃப்டுக்குள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்ட குழந்தையைச் சொன்னார். வீட்டில் வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கியது. போனைப் பிடித்திருந்த காது சுட்டது. மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

வக்கீல் கதையின் நடுவில் காதுக்குள் பீப் பீப் என்று ஒரு சத்தம் குறுக்கிட்டது. எடுத்துப் பார்த்தார். ஆராய்ச்சிப் பெண்ணின் நம்பர். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது.

"என்னய்யா நிறுத்திட்டே? யாராவது கூப்பிடறாங்களா?"

"அந்தப் பொண்ணுதான். புது ஆள் விவரம் சொல்லக் கூப்பிடுது."

"அப்ப..." என்று இழுத்தார் சலூன்காரர். "எடுக்கணும்னா எடு."

"அப்புறம் நானே கூப்பிட்டு, வேண்டாம்மான்னு சொல்லிக்கறேன்" என்றார் லிஃப்ட்காரர். "வக்கீல் இன்னும் மூணாவது மாடியிலே நின்னு குடையைத் தேடிக்கிட்டிருக்காரு. நீங்க கேளுங்க."