பிள்ளையாருக்குப் போய் வந்த ஓர்க்கிட்

மகள் மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்ததாகச் செய்தி வந்த நாளிலிருந்து, தொலைபேசி அடித்தால் மனைவியைத்தான் எடுக்கச் சொல்கிறேன். முகில் மூடிய காடுகளில் புதுவகை ஓர்க்கிட் தேடுவது அவள் வேலை. நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குப் பூப் பார்க்க ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவளின் மடியில் ஐஸ் உருகாமல் காக்கும் ஒரு ரெஜிபோம் பெட்டி. உள்ளே ஐஸ்கட்டிகளுக்கு நடுவே பாசி படர்ந்த குச்சி. அதில் ஒட்டியிருந்த சின்னச் செடியில் நுளம்பளவு ஒரு மொட்டு.

"விரிஞ்ச உடனை வெட்டிப் பாத்து, பழுதாகாமல் ஸ்பிரிட் போத்திலுக்குள்ளை போடோணும் அப்பா. புதுசெண்டு இந்தப் பூவிலையே காட்டினால், நான் திரும்ப மலையேறத் தேவையில்லை."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே நான் மொட்டுக்குத் தாதியானேன். ஐஸ் மாற்றினேன். ஈரச்சாக்குப் போர்த்தினேன்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு தேத்தண்ணி தந்தனீங்களோ?" என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் காலை மொட்டு விரிந்திருந்தது. மகள் எழும்பவில்லை. எங்கள் வளவில் எது புதிதாகப் பூத்தாலும் முதற்பூ சாமி அறைக்குத்தான். எப்படியும் ஸ்பிரிட்டில் முழுகப்போகிற பூ, பிள்ளையாரை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டுமே! வெட்டினேன். படத்தில் வைத்தால் விழுந்தது. துளி சந்தனம் தொட்டு ஒட்டினேன். கும்பிட்டேன். பிறகு எடுத்துக் கழுவி, அவளுடைய கண்ணாடித் தட்டில் வைத்தேன்.

உருப்பெருக்கியில் பார்த்தவள் கத்தினாள்.

"அப்பா! கீழ் இதழிலை ரெண்டு மஞ்சள் கோடு! இந்த இனத்திலை வேறை ஒண்டுக்கும் இப்பிடி இல்லை. இனி மலையும் இல்லை, அட்டைக்கடியும் இல்லை!"

பேராசிரியருக்குச் சொல்லக் கைத்தொலைபேசியை எடுத்தாள்.

நான் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒரு பூவுக்கு இல்லாத கோடு எழுதப்படும். என் பிள்ளை வீட்டில் இருப்பாள். அவள் இலக்கத்தை அழுத்துவதற்குள் இவ்வளவும் யோசித்து முடித்தேன். ஆனால் அந்தப் பூவுக்காகத்தானே அவள் கால் முறிந்தது.

"பிள்ளை, அது சந்தனம்."

"என்னது?"

"பிள்ளையாருக்கு ஒருக்கா வைச்சு எடுத்தனான்."

குசினிக்குள் மனைவி சிரிப்பது கேட்டது. "நல்லகாலம், தீபம் காட்டேல்லை!"

மகள் என்னையும் பூவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மெல்லிய தூரிகையால் சந்தனத்தைத் துடைத்தாள். மறுபடி உருப்பெருக்கியில் குனிந்தாள்.

"அப்பா, கோடு கிடந்த இடத்திலை ரெண்டு வரிசை மயிர் இருக்கு. அதுதான் சந்தனத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு. மத்ததுகளின்ரை இதழ் வழுவழுப்பு."

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். புதியதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சந்தனம் பூசிய ஒரு பூவை நம்பி எழுதமுடியாது, இன்னொன்று வேண்டும் என்றாராம்.

கட்டு வெட்டி, கால் தேறியதும் போகிறாள். நானும் போகிறேன். அட்டை ஏறாத நீளக் காலுறை எனக்கு மட்டும் இரண்டு சோடி வாங்கிவிட்டேன், ஒன்றின்மேல் ஒன்று போட.

"வாங்கோ அப்பா," என்றாள் மகள். "ஆனா சந்தனம் இல்லையெண்டு பொக்கற்றைக் காட்டிப்போட்டுத்தான் பஸ் ஏறோணும்."