இலைக்கு வயிறு வேண்டும்

என் அப்பா லெட்சுமணன், மலாயாவில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருடம் பால் வெட்டினார். என் கல்யாண வேலை தொடங்கும்வரை ஒரு மரத்துக்கும் அவர் கையால் காயம் பட்டதில்லை. கத்தி பட்டையைத் தாண்டி இறங்கினால் மரம் புண்ணாகிவிடும். அப்பாவின் கத்தி சீவுகிறதா, தடவிக் கொடுக்கிறதா என்றே தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்குக் கங்காணி தங்கராஜு அப்பாவின் மரங்களைத்தான் காட்டுவார். அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, அவருக்கு வேறு என்ன இருந்தது?

1933இல் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி, சீமைக்குத் திரும்பியபோது, தன் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டதற்காக, தண்ணீரில் குழைக்கும் வர்ணப் பெட்டி ஒன்றையும் தூரிகையையும் அப்பாவிடம் கொடுத்தாள். ஓர் இலை போட்டும் காட்டினாள். நுனியை வைத்து, அழுத்தி, இழுத்துத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குத் தை மாதம் கல்யாணம். தங்காக் ஊரில் மாப்பிள்ளை. அழைக்க வேண்டியது பன்னிரண்டு குடும்பம். பத்திரிகையைப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவார், ஓரத்தில் கொடியும் இலையும் அப்பா போடுவார் என்று முடிவானது. முடிவு செய்தவரும் அப்பாதான்.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் எங்கள் லய வீட்டு வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார். கொடி நன்றாக வளைந்து ஓடியது. இலைதான் வரவில்லை. அழுத்தவே மாட்டேன் என்றது அந்தக் கை. எல்லாம் நூல் நூலாக விழுந்தன. இலைக்கு வயிறு வேண்டாமா, இதெல்லாம் பட்டினி கிடக்கிறதே என்று அம்மா கேலி செய்வாள். அப்பா சிரிக்க மாட்டார். அடுத்த தாளை எடுப்பார்.

மூன்றாவது வாரம் இலைக்கு வயிறு வந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலை அந்தக் கை கத்தியையும் அழுத்தியது; நாலு மரத்தில் காயம்.

கங்காணி நம்பாமல் இரண்டு தடவை விரலை வைத்துப் பார்த்தாராம். இன்னொரு மரம் புண்ணானால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். ரப்பர் விலை விழுந்து, ஏற்கெனவே ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருடம் அது. வேலை போனால் லயம் போகும், ஊரே போகும். என் கல்யாணம் எங்கே நிற்கும்? அப்பா பெட்டியை மூடிப் பரணில் போட்டார். பத்திரிகை வெறுந்தாளாகவே போகட்டும் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் அழுதேன்.

நாலு நாள் கழித்துப் பெட்டி மறுபடி இறங்கியது. தூரிகை அப்பாவின் இடது கையில் இருந்தது. கத்தி பிடித்துப் பழகாத கை. அழுத்து என்றால் அழுத்தியது. கோணல்மாணலாக, ஆனால் நல்ல வயிறும் வாலுமாக இலைகள் வந்தன. பத்து நாளில் கை தேறி, பத்திரிகைத் தாளையே எடுத்துவிட்டார்.

அம்மா பதறிப்போனாள்.

"நல்ல காரியத்துக்குப் போற பத்திரிக்கைங்க. இடது கையில போடுவாங்களா?"

அப்பா தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"அங்கம்மா, இவ கைப்புள்ளையா இருந்தப்ப தினம் விடிகாலையில ஆயாகிட்ட விட ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனது எந்தக் கை? வலது கையில கத்திதானே இருந்துச்சு. அப்ப நீ ஒண்ணும் சொல்லலியே."

 அம்மா குனிந்து, தூரிகை கழுவிக் கலங்கியிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், நல்ல தண்ணீர் பிடித்து வந்து அப்பாவின் இடது பக்கமாக வைத்தாள்.