எண்ணெய் போடாத பெடல்

காதில் விழுந்ததை விழுந்தபடியே சொல்கிற மனிதன் நேர்மையானவனா, இல்லை வேறு எதுவும் செய்யத் தெரியாதவனா? கண்ணாடிக்காரரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். பதில் கிடைத்ததில்லை. அவருக்கே கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது. கண் பரிசோதிக்க அறையின் நீளம் போதாது. அதனால் எழுத்துப் பலகையை வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, அதில் பார்த்துப் படிக்கச் சொல்வார். கனமான சோதனை பிரேமை மூக்கில் ஏற்றி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். இரண்டாவதாக வந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் இருக்காது. அவர்களைப் பிடிப்பதற்கென்றே ஒரே லென்ஸைக் கழற்றித் திரும்பவும் மாட்டுவார்.

"ரெண்டாவதுதான் சார் நல்லா பளிச்னு இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. இப்ப யோசிச்சுச் சொல்லுங்க."

இப்படிச் சொல்லி அவர் இழந்த வாடிக்கையாளர்கள் நிறைய. அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

இதே வேலையைத்தான் வீட்டிலும் செய்தார். அங்கே லென்ஸுக்குப் பதில் இசைத்தட்டு. அவருடைய தம்பி இளமையில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அதோடு குழு சிதறியது. வெளிவந்தபோது யாரும் சீண்டாத அந்த ஆல்பத்தைப் பல வருடங்கள் கழித்து ஆட்கள் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மாஸ்டரிங் செய்தார். பாடி, வாசித்து, கலந்து முடித்த ஒலியைத் தட்டுக்கோ சி.டி.க்கோ ஏற்றுமுன் கடைசியாகச் சீவிச் சிங்காரிக்கும் வேலை அது. பாட்டு ஒன்றுதான், முகம் வேறு. இரண்டாம் பதிப்பை அவசரமாக ஒரு நகல் டேப்பிலிருந்து எடுத்துத் தட்டில் பதித்தார்கள். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். சி.டி.யில் எல்லாமே கத்தும்.

ஞாயிறு மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மனைவி பூண்டு உரித்தபடி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் போட வேண்டும். எது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியக் கூடாது. வால்யூம் குமிழைச் சுற்றிப் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தார், ஒரு பதிப்புக்கு ஒரு கோடு. சத்தம் ஒரு இழை கூடினாலே மனிதனுக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றிவிடும், அதனால் எல்லாம் ஒரே உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்பது அவர் விதி.

"மாத்திட்டேன்" என்பார் மனைவி.

"மாத்தல. அதே தட்டுதான் ஓடுது."

"கடையில நீங்க மத்தவங்களுக்குச் செய்றதுதானே? உங்களுக்குச் செஞ்சா மட்டும் கசக்குதா?"

இப்படித் தட்டுகளைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் எழுதிய ஒப்பீடுகள், இசைத்தட்டுக் கடையொன்றின் மாடியில் கூடும் ரசிகர் குழுவின் இணையப் பக்கத்தில் வரும். நானும் அந்தக் குழுவில் இருந்தவன். நடையில் அழகு இருக்காது. ஆனால் கேட்காததை அவர் எழுதியதில்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஆல்பத்தின் உரிமை முழுவதும் அந்த நால்வரில் ஒருவனான பாடகனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு பேட்டியில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: டிரம்ஸ்காரனுக்குத் தாளம் நிற்காது, பாதிப் பாட்டுகளை வேறொருவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்து மாற்றிவிட்டோம், அவனிடம் சொல்லவில்லை, பாவம்.

மறுநாளே தம்பி கடைக்கு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சீருடையோடு வந்து சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணா, படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாப் பாட்டும் நான் வாசிச்சேன். கை கொப்பளிச்சுப் போயிருந்துச்சு, உனக்கே தெரியும். அம்மாதான் மருந்து போட்டாங்க."

"நீ வாசிச்சே. அவங்க எதை வெச்சுக்கிட்டாங்கன்னு தெரியாதே."

"அதான் கேக்குறேன். நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க. பத்துப் பாட்டும் என் தம்பிதான்னு ஒரு வரி எழுது. என் வாழ்க்கையில நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்ணா."

எந்தப் பதிப்பையும் நம்பி அப்படி எழுத முடியாது என்றார் கண்ணாடிக்காரர். அவரிடம் இருந்ததெல்லாம் இரண்டாம் பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும்தான். அவற்றில் டிரம்ஸ் முழுக்கச் சேறு. முதல் பதிப்பு, அதுவும் கீறல் விழாதது, கிடைத்தால் கேட்டுச் சொல்லலாம். அவரே வருடக்கணக்கில் தேடியும் அது கிடைத்திருக்கவில்லை.

தேடிக் கண்டுபிடித்தவர் தம்பி. தன் பேருந்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் விடாமல் விசாரித்து, ஒரு பல் டாக்டரின் அலமாரியில் பிரிக்காததுபோல் புத்தம் புதிதாக இருந்த முதல் பதிப்பைப் பிடித்துவிட்டார். "இனிமே என் பல்லு எல்லாம் அந்த டாக்டருக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குள் வந்தார். உறையிலிருந்து தட்டை எடுத்துச் சட்டையில் தேய்க்கப் போனார்.

"டேய், சட்டையில தொடைக்காதே."

"ஆமா, உன் கோயில்ல நான் செருப்போட வந்துட்டேன்."

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாள் இரண்டாம் பதிப்பில் இருப்பதுபோலவே இருந்தது. தாளுக்கு வெளியே தட்டின் மேலேயே ஊசியால் கீறிய பொடி எழுத்துகளை வைத்துத்தான் முதல் பதிப்பு என்று உறுதி செய்ய முடிந்தது. அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தம்பி தரையில் உட்கார்ந்தார். மனைவி ஊசியை இறக்கினார்.

போர்வை விலகியதுபோல் இருந்தது என்று பிறகு கண்ணாடிக்காரர் எழுதினார். டிரம்ஸின் பித்தளைச் சிம்பலைத் தட்டிய பிறகு அது காற்றில் ஆடி அடங்குவதுகூடக் கேட்டது. முதல் பாட்டின் நடுவில், மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் நிற்கும் இடத்தில், வேறொன்றும் கேட்டது.

"என்னங்க அது, எலியா?" என்றார் மனைவி.

தம்பி வெடித்துச் சிரித்தார். "எலி இல்ல அண்ணி, என் பெடல். பெரிய டிரம்மை மிதிக்கிற பெடல். மிதிக்கிறப்பல்லாம் கிறீச்சுங்கும். ஸ்டுடியோக்காரன் எண்ணெய் போடு எண்ணெய் போடுன்னு கத்துவான்."

"வீட்டுல அம்மாவும் கத்துவாங்க" என்றார் அண்ணன். "சோம்பேறி."

"எண்ணெய் போட்டா கால் வழுக்கும்ணா. அது ஒரு கணக்கு."

முதல் பக்கம் முழுவதும் அந்தக் கிறீச் வந்தது. ஒவ்வொரு முறையும் தம்பி தொடையில் தட்டி, "இதோ, இதோ" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததில்லை என்று அண்ணி பின்னாளில் என்னிடம் சொன்னார்.

தட்டைத் திருப்பிப் போட்டார்கள். டிரம்ஸ் மட்டும் நிற்கும் இடம் இரண்டாம் பக்கத்திலும் உண்டு. அந்த இடம் வந்தது, போனது. கிறீச் இல்லை. அடுத்த பாட்டிலும் இல்லை. அடி ஒவ்வொன்றும் கடிகாரம்போல் விழுந்தது. முதல் பக்கத்தில் வாசித்தவர் பல்லவிக்குள் நுழையுமுன் ஒரு மயிரிழை தாமதிப்பார். இவர் தாமதிக்கவே இல்லை. தம்பியின் கை தொடையிலேயே இருந்தது, தட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் அண்ணன் கேட்டார், கடையில் கேட்கும் அதே குரலில்: "இதுல கேட்டுச்சா, அதுல கேட்டுச்சா?"

அந்தக் கேள்வியைத்தான் தம்பி கடைசிவரை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நடுவுல எண்ணெய் போட்டிருப்பேன்" என்றார் தம்பி.

"நீயா?"

"ஏன், போடக் கூடாதா?"

"இப்பதானே சொன்னே, கால் வழுக்கும்னு."

"ஏங்க, விடுங்களேன்" என்றார் மனைவி.

தம்பி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "சரி. நீ எனக்காக எதுவும் எழுத வேண்டாம். தப்பா கேட்டுட்டேன். சும்மா இரு, அது போதும்."

"குழுவுல கேப்பாங்கடா. முதல் பதிப்பு கிடைச்சிருக்குன்னா ஒப்பீடு எழுதித்தானே ஆகணும்?"

"சிம்பலைப் பத்தி எழுது. உறையைப் பத்தி எழுது. பெடலை விடு."

"கேட்டதை எப்படிடா கேக்கலன்னு எழுதறது?"

"கேக்கலன்னு எழுதச் சொல்லல. எழுதாதேன்னுதான் சொல்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியலையா? மயிரிழை வித்தியாசமெல்லாம் தெரியுதே."

அவர் போய்விட்டார். தட்டை விட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் எழுதினார். இதுவரை வந்த மாஸ்டரிங்குகளில் முதல் பதிப்பே உண்மையானது என்று விரிவாக எழுதி, சான்றாக ஒன்றைச் சேர்த்தார்: முதல் பக்கத்தில் பெடலின் கிறீச்சொலி தெளிவாகக் கேட்கிறது, இரண்டாம் பக்கத்தில் இல்லை, அங்கே வாசித்திருப்பது வேறு கால். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதையே அவர் தாட்சண்யம் என்று நினைத்திருக்கலாம். தாட்சண்யம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது வேறு மாதிரி இருக்கும் என்பது என் அபிப்பிராயம். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஆளாளுக்கு அந்தக் கட்டுரையைப் புகழ்ந்தோம்.

பாடகனுக்கு அது கொழுத்த விருந்து. "அவன் கூடப் பிறந்த அண்ணனே சொல்லிட்டாரு" என்று போகிற இடமெல்லாம் சொன்னான். பேருந்து நிறுத்துமிடத்தில் மற்ற ஓட்டுநர்கள் தம்பிக்கு 'ஒரு பக்கம்' என்று பெயர் வைத்தார்கள். "ஒரு பக்கம் வந்துட்டாரா? இன்னொரு பக்கத்தை எங்க காணோம்?" என்பார்கள். அவரும் கூடவே சிரிப்பாராம்.

அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அழைக்கப் போன அண்ணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எப்ப வேணாலும் வாங்க அண்ணி. அவர் வர வேண்டாம். என்னைப் பார்த்தா அவருக்கு ஏதாவது கேட்டுடும்."

வீட்டுக்குத் திரும்பிய மனைவி கணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்க காது நல்ல காதுங்க. வாய்தான் வீணாப் போச்சு." அதற்குப் பிறகு அவர் தட்டு மாற்றிப் போட உட்காரவில்லை. கண்ணாடிக்காரர் தனியாகக் கேட்டார். எது ஓடுகிறது என்று தெரிந்தே கேட்பதில் பரிசோதனை ஏது? சில வாரங்களில் அதையும் நிறுத்தினார்.

வருடங்கள் போயின. ஆல்பத்தின் ஆண்டுவிழாப் பதிப்பு ஒன்று கொண்டுவர ஒரு நிறுவனம் முடிவு செய்தது. மூல டேப்பை எடுக்கப் போனபோது அது ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. நல்ல இசைத்தட்டு ஒன்றிலிருந்துதான் ஒலியை எடுத்துப் புதிதாக மாஸ்டரிங் செய்ய முடியும். கீறலில்லாத முதல் பதிப்பு உங்களிடம்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம் என்று கண்ணாடிக்காரரைக் கேட்டார்கள். இனி உலகம் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான். எங்கள் குழு துள்ளிக் குதித்தது. எத்தனை வருடமாக அவர் எதற்காக வாதாடினாரோ அது கடைசியில் நடக்கப்போகிறது. அவர் தட்டைத் துடைத்து, அட்டையில் கட்டி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

புதிய பதிப்பு வந்தது. மாடியில் எல்லோரும் கூடிக் கேட்டோம். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருந்தது. சிம்பல் மழுங்கிக் கிடந்தது. டிரம்ஸ் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே மந்தமாக, யார் வாசித்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதுபோல் ஓடியது. பெடலும் இல்லை, எலியும் இல்லை.

"தங்கத்தைக் கொடுத்தா தகரமாக்கி வெச்சிருக்கான்" என்று ஒருவர் மாஸ்டரிங் செய்த இன்ஜினியரைத் திட்ட ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். காது இருக்கிறதா, தலை இருக்கிறதா என்று இணையப் பக்கத்தில் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவருக்கு அதற்குப் பிறகு அதிக வேலை வரவில்லை என்று கேள்வி. கண்ணாடிக்காரர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நீங்கள் எழுதுங்கள் என்று கேட்டோம். தலையை அசைத்து மறுத்தார். கேட்டதை எழுதாமல் அவர் விட்டது அந்த ஒரு முறைதான்.

மனைவி தம்பிக்கு ஒரு புதிய பதிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தம்பி அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். "எங்கிட்ட பிளேயர் இல்ல அண்ணி" என்றார்.

அதைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போதுதான் மனைவி கவனித்தார். நிறுவனத்திலிருந்து திரும்பி வந்திருந்த உறையில் இருந்த தட்டின் நடுத்தாளில் பூண்டுச் சாறு பட்ட மஞ்சள் கறை இருந்தது. அவருடைய விரல் பட்ட கறை. எத்தனையோ ஞாயிறுகள் அவர் மாற்றிப் போட்ட இரண்டாம் பதிப்பு அது. முதல் பதிப்பு பழைய சி.டி.களுக்குப் பின்னால், வேறு உறையில் செருகிக் கிடந்தது.

ஹாலில் கண்ணாடிக்காரர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். மனைவி தட்டோடு வந்து எதிரே நின்றார்.

"ஏங்க, இதையா அனுப்பினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார்.

"அதைத்தான் அனுப்பினேன்" என்றார்.