மலைப் பக்கம் திரும்பிய கார்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். என் கை செய்த வேலையால் ஒரு குடும்பமே போயிருக்கும்.

நான் வாணியம்பாடியில் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். போன ஐப்பசியில் இம்ரான் பாய் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். தோல் வியாபாரக் குடும்பம். முப்பது வயது இருக்கும். சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் வேகத்தைத் தானாகவே அடக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அந்தக் காரில் உண்டு. பட்டனை அழுத்தி அதை அணைக்கலாம். ஆனால் மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வந்துவிடும்.

"இன்னா அண்ணா, ஒவ்வொரு தபாவும் அமுத்திக்கினே இருக்கணுமா? ஒரேயடியா எடுத்துடுங்க. உங்களால மட்டும்தான் முடியும்னு சொன்னாங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஆபத்து என்று தெரியும். வாய் திறக்கவில்லை. லேப்டாப்பை மாட்டி, கம்பெனி வைத்திருந்த செட்டிங்கை மாற்றினேன். பழையதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும்போது நல்ல மழை. போனைத் திறந்தால் பாயின் குரல் பதிவு வந்திருந்தது. "அண்ணா, வூட்டாரையும் பாப்பாவையும் இட்டுக்கினு ஜமுனாமரத்தூர் போறேன். வண்டி சூப்பரா போவுது."

அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜவ்வாது மலை, ஈர ரோடு, ஊசி வளைவுகள். கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. சபைக்குப் பின்னாலிருந்த அறையில் முழங்காலில் விழுந்தேன். மணி பதினொன்று இருபது.

"ஆண்டவரே, இது என் கை செஞ்ச தப்பு. அந்தக் குழந்தைமேல விழ வேணாம்."

இது மட்டுமே வந்தது. அழுதேன். என் மனைவி எஸ்தர் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். நடந்ததைச் சொன்னேன். என்னோடு சேர்ந்து ஜெபித்தாள். பிறகு எழுந்து, "இங்கயே உக்காந்துறாதீங்க. லேப்டாப்பை எடுத்துக்கினு கெளம்புங்க" என்றாள்.

பைக்கில் ஆலங்காயம் வழியாக ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. காவலூரைத் தாண்டி ஒரு திருப்பத்தில் அந்தச் சிவப்பு தெரிந்தது. கார் முழுதாக இருந்தது. பின்சக்கரம் மட்டும் மலை ஓரக் கால்வாயில் இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் பாய் நின்றிருந்தார். உள்ளே அவர் மனைவி. மடியில் பாப்பா சாமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கோவிந்தன், மலை விவசாயி. அவர்தான் ஓடிவந்து மூவரையும் வெளியே எடுத்தவர்.

"வளைவுல லேசாதான் ஆக்சிலேட்டர் குடுத்தேன் அண்ணா. பின்பக்கம் அப்படியே சுத்திக்கினு போச்சு" என்றார் பாய்.

"அந்தாண்ட சுத்தியிருந்தா பள்ளம்தாங்க" என்றார் கோவிந்தன்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதினொன்றரை இருக்கும் என்றார் பாய். நாங்கள் முழங்காலில் இருந்த நேரம் அது.

"தப்பு என்னுதுதான் பாய். இது ஆபத்துன்னு நான் சொல்லியிருக்கணும்."

"கேட்டவன் நான்தானே அண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோவிந்தனும் அவர் அண்ணன் தம்பிகளும் காரை மேலே தள்ளிவிட்டார்கள். அங்கேயே பழைய செட்டிங்கை ஏற்றினேன். பாயோடு நானும் உட்கார்ந்து அதே திருப்பத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் வழுக்கப் பார்த்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னியது. கார் சுற்றவில்லை. அன்றைக்கு அந்தச் சின்ன விளக்குக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது உயிரைக் காக்கும் எதையும் நான் அணைத்துக் கொடுப்பதில்லை. கேட்பவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நீங்களும் செய்த தப்பை மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்களா? முதலில் ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேர முடியாத இடத்துக்கு அவர் உங்களுக்கு முன்னே போவார். பிறகு எழுந்து, உங்களால் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யப் போங்கள்.